அறியாப் பிழையும் ஆறாச் சினமும்: டிஷியன் தீட்டிய ஆக்டியன் கதை

கிரேக்கத் தெய்வங்களுக்கு எழுப்பிய கோயில்கள் பாழடைந்து, பூசைகள் நின்று, ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னர், அத்தெய்வங்கள் இத்தாலிய ஓவியர்களின் கித்தான்களில் மீண்டும் தோன்றின. தீட்டியவர்கள் கிறிஸ்துவர்கள், தீட்டச் சொல்லிப் பொருள் கொடுத்த அரசர்களும் பிரபுக்களும் கிறிஸ்துவர்களே. ஞாயிறுதோறும் மாதா கோயிலில் மண்டியிட்டவர்கள், தம் மாளிகைச் சுவர்களில் வீனஸையும் டயானாவையும் மாட்டி மகிழ்ந்தது ஏன்? மறுமலர்ச்சிக் காலக் கலையைப் பற்றிப் பேசப் புகுவோர் எவரும் இக்கேள்விக்கு விடை கூறாமல் மேலே செல்ல இயலாது.

பொதுவாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. பழைய கிரேக்க, உரோமானிய நூல்களின்பால் அக்காலத்து அறிஞர்களுக்கு எழுந்த பெருங்காதல் ஒன்று. மனித உடலின் அழகை மறைப்பின்றித் தீட்டுவதற்குப் புராணம் ஒரு சாக்காக அமைந்தது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே, ஆயினும் இரண்டும் போதா. கல்வியின் பெருமையைக் காட்டுவதற்கும் கண்ணுக்கு விருந்தாவதற்கும் மட்டுமே அக்கதைகள் பயன்பட்டிருந்தால், அவை அழகிய அலங்காரங்களாக நின்றிருக்குமேயன்றி, இன்றளவும் உள்ளத்தைக் கலக்கும் ஆற்றலைப் பெற்றிரா. மாதா கோயிலின் சுவரில் கேட்க முடியாத ஒரு கேள்வியைப் புராண ஓவியத்தில் கேட்க முடிந்தது என்பதே மூன்றாவது விடை. வலிமை மிக்கோரின் தண்டனை நீதியானதா என்பதே அக்கேள்வி. வெனிஸ் நகரத்துப் பேரோவியர் டிஷியன் தீட்டிய ஆக்டியன் ஓவியங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கதையும் அதன் வேறுபாடுகளும்

ஆக்டியன் தீப்ஸ் நகரத்து மன்னன் காட்மஸின் பேரன், வேட்டையில் வல்லவன். ஒரு நாள் நண்பகலில் வேட்டையை முடித்துக்கொண்டு காட்டினுள் தனியே உலவியபோது, வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் தன் தோழியருடன் நீராடிக்கொண்டிருந்த சுனைக்கு வழிதவறி வந்துவிட்டான். கன்னித் தெய்வத்தின் உடலை மானிடக் கண் கண்டுவிட்டது. சினங்கொண்ட தேவி அவனை மானாக மாற்றினாள். அவன் ஊட்டி வளர்த்த வேட்டை நாய்களே அவனைத் துரத்திக் கடித்துக் கொன்றன. இந்த ஆர்ட்டெமிஸையே உரோமானியர் டயானா என்று வழங்கினர்.

கிரேக்கர்கள் இக்கதையை ஒரே வகையாகச் சொல்லவில்லை. செமலி என்னும் மங்கையை மணக்க விரும்பிச் சேயஸ் கடவுளின் பகையைத் தேடிக்கொண்டான் என்பது பழைய வடிவங்களுள் ஒன்று. வேட்டையில் ஆர்ட்டெமிஸைவிடத் தானே வல்லவன் என்று செருக்குற்றுப் பேசினான் என்று யூரிப்பிடீஸ் தம் நாடகத்தில் குறிப்பிடுகிறார். நீராடும்போது கண்டுவிட்டான் என்னும் வடிவம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கவிஞரான கலிமாக்கஸின் பாட்டில் காணப்படுகிறது. அவ்வடிவமே பின்னர் நிலைபெற்றது.

இவ்வேறுபாடு சிறியதன்று. காதலில் வரம்பு கடந்தவனும் செருக்குற்றுப் பேசியவனும் குற்றம் செய்தவர்கள்; அவர்கள் பெறும் தண்டனை கொடியதாயினும் காரணமுடையது. வழிதவறி வந்தவன் செய்த குற்றம் யாது? கதை இவ்வடிவத்தைப் பெற்றவுடன் அது தெய்வத்தின் பெருமையைப் பேசும் கதையாக மட்டும் இல்லாமல், தெய்வத்தின் நீதியைப் பற்றிய வழக்காகவும் மாறிவிடுகிறது.

ஓவிட் தொடுத்த வழக்கு

அவ்வழக்கை வெளிப்படையாக எடுத்துரைத்தவர் உரோமானியக் கவிஞர் ஓவிட். அவருடைய ‘உருமாற்றங்கள்’ என்னும் பெருங்காப்பியத்தின் மூன்றாம் பகுதியில் ஆக்டியன் கதை வருகிறது. கதையைத் தொடங்கும்போதே, அவனிடம் காணத்தக்கது ஊழின் பிழையேயன்றி அவன் செய்த குற்றமன்று என்று கவிஞர் முடிவு கூறிவிடுகிறார். முப்பதுக்கு மேற்பட்ட நாய்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். ஒவ்வொரு பெயரும் தலைவன் அன்போடு இட்டு அழைத்த பெயர் என்பதை எண்ணும்போதுதான் அவ்வரிசையின் கொடுமை விளங்கும். மானாகிவிட்டவனுக்கு உடல் மாறிற்றேயன்றி உள்ளம் மாறவில்லை. ‘நான்தான் உங்கள் தலைவன்’ என்று கூவ முயல்கிறான், சொல் எழவில்லை. கூட வந்த நண்பர்களோ, இவ்வளவு நல்ல வேட்டையைக் காண ஆக்டியன் அருகில் இல்லையே என்று வருந்தி, அவன் பெயரைச் சொல்லி உரக்க அழைக்கின்றனர். அவன் அங்கேயே இருக்கிறான், இல்லாமற்போக விரும்புகிறான். ‘வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது’ என்னும் பழமொழியைவிடக் கொடிய நிலை இது. பாய்ந்த நாய்கள் நன்றி மறந்தவையல்ல, தலைவன் கற்பித்ததைத் தவறாமல் செய்தவை.

கதையின் முடிவில், தேவி அளவு மீறித் தண்டித்தாள் என்று சிலரும், அவளுடைய கன்னிமைக்கு ஏற்றதே செய்தாள் என்று சிலரும் பேசிக்கொண்டதாக ஓவிட் கூறி நிறுத்துகிறார். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே அவர் விட்டுவிடுகிறார்.

இவ்வழக்கு ஓவிட்டின் வாழ்விலும் புகுந்தது. கி.பி. 8-ஆம் ஆண்டில் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடற் கரையிலுள்ள தோமி என்னும் ஊருக்கு நாடுகடத்தினார். ஒரு கவிதையும் ஒரு பிழையுமே தம்மை அழித்தன என்று ஓவிட் எழுதினார். காணத் தகாத எதையோ கண்டதே அப்பிழை என்று குறிப்பாகச் சொன்னார். அறியாமல் டயானாவைக் கண்ட ஆக்டியனோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். தெய்வத்தின் சினத்தைப் பாடியவர் அரசனின் சினத்துக்கு இரையாகி, அக்கரையிலேயே உயிர் நீத்தார்.

இடைக்காலத்து உரையாசிரியர்கள் இக்கதையின் முள்ளை மழுக்க முயன்றனர். வேட்டை நாய்களுக்குச் செலவிட்டே செல்வத்தை அழித்தவன் ஆக்டியன் என்பது பழங்காலத்திலிருந்தே வந்த ஓர் உரை. தன்னவராலேயே கொல்லப்பட்ட கிறிஸ்துவே ஆக்டியன் என்றது 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நூலொன்று. இவ்வுரைகள் கதைக்குப் பொருள் தந்தன. ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டன. அதனை மீண்டும் விசாரணைக்கு எடுத்தவருள் தலைசிறந்தவர் டிஷியன்.

முதல் ஓவியம்

1550-களின் தொடக்கத்திலிருந்து டிஷியன், ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்புக்காக ஆறு புராண ஓவியங்களைத் தீட்டினார். அவற்றைக் ‘கவிதைகள்’ என்றே அவர் தம் கடிதங்களில் குறித்தார். ‘டனே’, ‘வீனசும் அடோனிசும்’, ‘பெர்சியசும் ஆந்திரோமெடாவும்’, ‘டயானாவும் ஆக்டியனும்’, ‘டயானாவும் கலிஸ்டோவும்’, ‘ஐரோப்பாவைக் கவர்தல்’ என்பன அவை. இவற்றுள் டயானாவைப் பற்றிய இரண்டும் 1556 முதல் 1559 வரை ஒன்றுக்கொன்று இணையாகத் தீட்டி ஒருங்கே அனுப்பப்பட்டவை. இலண்டன் நேஷனல் காலரியும் ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியக் கூடங்களும் சேர்ந்து 2009-இல் முதல் ஓவியத்தை 5 கோடி பவுனுக்கும், 2012-இல் அதன் இணையை 4 கோடியே 50 இலட்சம் பவுனுக்கும் வாங்கின.

‘டயானாவும் ஆக்டியனும்’ ஓவியத்தில் இடப்பக்கத்திலிருந்து ஆக்டியன் நுழைகிறான். சிவந்த திரை விலகியிருக்கிறது. அவன் கைகள் திகைப்பில் உயர்ந்துள்ளன. வில் நழுவிக் கீழே கிடக்கிறது. நடுவில் தோழியர், ஒருத்தி தூணின் பின்னிருந்து எட்டிப் பார்க்கிறாள். வலக்கோடியில் டயானா வெண்துகிலால் தன்னை மறைத்துக்கொண்டு, அதன் ஓரமாகக் கடைக்கண்ணால் அவனை நோக்குகிறாள். கரிய நிறத்துப் பணிப்பெண் ஒருத்தி துணை நிற்கிறாள். தேவியின் சிறு நாய் வந்தவனைக் கண்டு குரைக்கிறது. தூணின் மேல் ஒரு மான் தலையின் எலும்புக்கூடு. இனி நடக்கப்போவது அனைத்தும் அவன் தலைக்கு மேலே எழுதப்பட்டுவிட்டது; அவன் மட்டும் அதனைக் காணவில்லை.

ஓவிட்டின் பாட்டில் அந்த இடம் இயற்கையே அமைத்த குகை. டிஷியனோ அதனை மனிதர் கட்டிப் பாழாய்ப்போன மண்டபமாக்கினார். வளைவும் தூணும் கொண்ட இடத்தில் நுழைபவன், தான் ஒருவர் இல்லத்துக்குள் வந்துவிட்டதை உடனே உணர்வான். ஆகையால் அவன் பிழை இன்னும் தெளிவாகிறது. ஆனால் உயர்த்திய கைகள் அதனைத் தான் விரும்பிச் செய்யவில்லை என்று மன்றாடுகின்றன. சான்றும் மறுப்பும் ஒரே உருவத்தில் நிற்கின்றன.

இவ்வோவியத்தைக் குறைகூறுவதற்கும் இடமுண்டு. ஆறேழு பெண்ணுடல்களின் மெருகும், திரைச்சீலையின் ஒளியும், நீரின் பளபளப்பும் கண்ணைப் பலவாறு ஈர்க்கின்றன. தீட்டுவதில் ஓவியருக்கிருந்த களிப்பு மிகுதியால் இரக்கம் சற்றுப் பின்னடைகிறது. காண்போன் ஆக்டியனுக்காக அஞ்சுவதற்கு முன் ஆக்டியனைப் போலவே பார்த்து நின்றுவிடுகிறான். இது குறையா, அல்லது காண்போனையும் குற்றத்தில் பங்காளியாக்கும் உத்தியா என்று வாதிடலாம். இரண்டும் கலந்தே இருக்கின்றன என்பதே நேர்மையான முடிவு.

இதன் இணை ஓவியம் ஐயத்தைத் தீர்க்க உதவுகிறது. கலிஸ்டோ டயானாவின் தோழி. ஜூப்பிட்டர் டயானாவின் உருவிலேயே வந்து அவளை வஞ்சித்துக் கெடுத்தான். அவள் கருவுற்றிருப்பது நீராடும் வேளையில் வெளிப்பட, டயானா கை நீட்டி அவளை விலக்குகிறாள். வஞ்சித்த தெய்வம் தண்டனையின்றிப் போக, வஞ்சிக்கப்பட்டவள் தண்டிக்கப்படுகிறாள். ஓவிட்டின் காப்பியத்திலுள்ள எத்தனையோ கதைகளுள் இவ்விரண்டையும் தேர்ந்து இணையாக வைத்தவர், பெண்ணுடலின் எழிலை மட்டும் நாடினார் என்று கூறுவது பொருந்தாது. குற்றம் செய்யாதவர் தண்டனை பெறுவதே இரு ஓவியங்களையும் இணைக்கும் நூல்.

இரண்டாம் ஓவியம்

நாய்கள் கடித்துக் குதறும் ஆக்டியனையும் தீட்டத் தொடங்கிவிட்டதாக 1559-இல் டிஷியன் பிலிப் மன்னருக்கு எழுதினார். ஆனால் ‘ஆக்டியனின் மரணம்’ என்னும் அவ்வோவியம் ஸ்பெயினுக்குச் செல்லவேயில்லை. கொள்ளைநோய் பரவியிருந்த 1576-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் டிஷியன் மறைந்தபோதும் அது அவரிடமே இருந்தது. பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி, 17 இலட்சம் பவுனுக்கு மேல் கொடுத்து, 1972-இல் நேஷனல் காலரி அதனை இலண்டனிலேயே நிறுத்திக்கொண்டது.

முதல் ஓவியத்தின் வண்ணப் பொலிவு இங்கு இல்லை. காடு பழுப்பும் கரும்பச்சையுமாய் மங்கிக் கிடக்கிறது. வானம் மஞ்சள் பூத்துக் குமுறுகிறது. டிஷியன் தம் முதுமையில் தூரிகையைவிட விரல்களாலேயே மிகுதியும் தீட்டினார் என்று அவரை அறிந்த பால்மா என்னும் ஓவியர் கூறியதாக ஒரு பழைய குறிப்பு உண்டு. இவ்வோவியத்தைக் காண்போர்க்கு அது மிகையாகத் தோன்றாது. இலையும் நீரும் நாயும் மனிதனும் ஒன்றிலொன்று கரைகின்றன. உருமாற்றத்தைச் சொல்லும் கதைக்கு, உருவங்களின் எல்லை அழியும் இம்முறை எவ்வளவு பொருத்தமானது!

ஓவிட்டின் பாட்டிலிருந்து டிஷியன் இரண்டு இடங்களில் விலகுகிறார். கவிஞர் கூறும் ஆக்டியன் முற்றிலும் மானாகிவிட்டவன். டிஷியன் தீட்டிய ஆக்டியனுக்கோ தலை மட்டுமே மான். உடல் இன்னும் மனித உடல். உள்ளம் மாறவில்லை என்று கவிஞர் சொல்லால் கூறலாம். ஓவியர் அதனைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். பாதி மனிதனாக நிற்பவனைக் காணும்போது, உள்ளே இருப்பவன் யார் என்பது காண்போர்க்குத் தெரிகிறது, நாய்களுக்குத் தெரியவில்லை. அழிபவனை அறிந்துகொண்டு, காக்க வழியின்றி நிற்கும் நிலை காண்போருடையதாகிறது. முதல் ஓவியத்தில் தவறிய இரக்கம் இங்கே முழுமையாகக் கைகூடுகிறது.

இரண்டாவது விலகல் இதனினும் பெரிது. ஓவிட்டின் பாட்டில் டயானாவிடம் அப்போது அம்பு இல்லை. கையால் நீரை அள்ளி அவன்மேல் வீசுகிறாள். கொல்வது நாய்களின் செயல். டிஷியனின் ஓவியத்திலோ இடப்பக்கத்தில், எல்லா உருவங்களினும் பெரிதாக, வில்லேந்தி விரைந்து வருகிறாள் டயானா. தண்டனை தானே நிகழ்ந்துவிட்டது என்று ஒதுங்கி நிற்க ஓவியர் அவளுக்கு இடந்தரவில்லை. செய்தவளைச் செய்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். வியப்பு என்னவெனில், கி.மு. 470 அளவில் ஏதென்சில் வனையப்பட்டு, இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ள கிரேக்கக் கலம் ஒன்றிலும், நாய்கள் கடிக்க வீழும் ஆக்டியன்மேல் ஆர்ட்டெமிஸ் வில்லை வளைத்து நிற்கிறாள். அக்கலத்தை டிஷியன் கண்டிருக்க வழியில்லை. கதையின் உள்ளே சென்றவர்கள் இருவேறு காலங்களில் ஒரே இடத்தை அடைந்திருக்கின்றனர்.

அந்த வில்லில் நாண் இல்லை, அம்பும் காணப்படவில்லை. ஓவியம் முற்றுப்பெறவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர் சிலர். முதுமையில் டிஷியன் இவ்வாறே நிறுத்திவிடுவது வழக்கம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஓவியத்தின் விளைவு தெளிவு. நாணற்ற வில்லை நீட்டும் தேவிக்கு முன்பே நாய்கள் பாய்ந்துவிட்டன. சினத்துக்குக் கருவியும் வேண்டுவதில்லை.

எழக்கூடிய மறுப்புகள்

இவற்றுக்கு மறுப்புக் கூறுவோர் டிஷியனின் கடிதத்தையே எடுத்துக்காட்டுவர். ‘டனே’ ஓவியத்தில் உடலின் முன்புறத்தைக் காட்டியாயிற்று. ‘வீனசும் அடோனிசும்’ ஓவியத்தில் பின்புறத்தைக் காட்டினால் அறை இன்னும் அழகு பெறும் என்று 1554-இல் அவர் பிலிப்புக்கு எழுதினார். அரசனின் அந்தரங்க இன்பத்துக்காகத் தீட்டியவற்றில் நீதி விசாரணையைத் தேடலாமா என்பது அவர்கள் கேள்வி. கடிதம் உண்மை, ஆனால் அது குறிப்பது தொடரின் தொடக்கத்தை. டயானா ஓவியங்களை அடையும்போது, பார்ப்பதன் இன்பம் பார்த்ததன் விலையாக மாறிவிடுகிறது. அரசனின் கண்களுக்கு விருந்து படைத்தவரே, கண்ட குற்றத்துக்காக மடிந்தவனின் கதையையும் அதே அரசனுக்குத் தீட்டினார். தொடர் வளர்ந்ததை உணராமல் முதற்கடிதத்தைக் கொண்டே முடிவை அளப்பது முறையன்று.

மற்றொரு மறுப்பு இக்காலத்தது, வலிமையும் உடையது. நீராடும் பெண்களை ஆடவன் கண்டது அறியாப் பிழையாயினும், மறைவிடத்தைக் காக்கும் உரிமை பெண்ணுக்கு இல்லையா என்று கேட்கின்றனர். அவன்பால் இரங்குவோர் அவள் நாணத்தை மறந்துவிடுகின்றனர் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஆறு ஓவியங்களும் 2020-இல் இலண்டனிலும் பின்னர் மாட்ரிட்டிலும் ஒன்றாகக் காட்டப்பட்டு, 2021-இல் பாஸ்டன் நகரின் கார்ட்னர் அருங்காட்சியகத்தை அடைந்தபோது, ‘பெண்கள், புராணம், அதிகாரம்’ என்பதே கண்காட்சிக்கு இடப்பட்ட தலைப்பின் கருத்தாக இருந்தது. ‘ஐரோப்பாவைக் கவர்தல்’ ஓவியத்தை அழகென்று மட்டும் பேசிவந்த வழக்கம் இதனால் குலைந்தது நன்றே. ஆனால் டயானாவைப் பொறுத்தவரை டிஷியன் இவ்வுரிமையை மறுக்கவில்லை. துகிலால் மறைத்து நோக்கும் அவள் முகத்தில் அவமதிப்புற்றவளின் சினம் உண்மையானதாகவே இருக்கிறது. சினம் நியாயமானது, தண்டனை நியாயமற்றது என்று இரண்டையும் ஒருங்கே உணரச் செய்வதே இவ்வோவியங்களின் பெருமை. ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவோர் ஓவியத்தின் பாதியையே காண்கின்றனர்.

புராணம் தந்த இடம்

இக்கேள்வியை டிஷியன் ஏன் சமய ஓவியத்தில் கேட்கவில்லை என்பதற்கு அவர் காலமே விடை. 1573-இல் அதே வெனிஸ் நகரில், பவுலோ வெரோனீஸ் என்னும் ஓவியர் சமய விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். கிறிஸ்துவின் கடைசி விருந்தைத் தீட்டியபோது கோமாளிகளையும் குடிகாரரையும் அதில் சேர்த்தது ஏன் என்று கேட்டனர். கவிஞருக்குள்ள உரிமை ஓவியருக்கும் உண்டு என்று அவர் விடையிறுத்தார். முடிவில் ஓவியத்தின் பெயரையே மாற்றவேண்டியதாயிற்று. ஒரு விருந்தின் விருந்தாளிகளுக்கே இத்தனை விசாரணை என்றால், தெய்வம் அநீதி செய்யுமா என்று பலிபீடத்தின் மேல் எவர் கேட்டிருக்க முடியும்? எவரும் வணங்காத தெய்வத்தை நோக்கி எதையும் கேட்கலாம். கோயில் இழந்த டயானாவிடம், அரியணையிலும் பீடத்திலும் இருந்தோரிடம் கேட்க முடியாததைக் கேட்க முடிந்தது. டயானா என்பது பிலிப்பையே சுட்டும் மறைபொருள் என்று கொள்வது மிகை. வலிமையின் சினம் எத்தகையது என்பதே ஓவியரின் பொருள்.

டிஷியன் அப்பொருளைத் தம் வாழ்நாளின் இறுதிவரை விடவில்லை. இன்று செக் நாட்டின் குரோமெரிஷ் நகரிலுள்ள ‘மார்சியஸின் தோலுரிப்பு’ அவருடைய கடைசி ஓவியங்களுள் ஒன்று. அப்போலோவோடு இசைப்போட்டியில் தோற்ற மார்சியஸைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உயிரோடு தோலை உரிக்கின்றனர். சிறு நாய் ஒன்று சிந்திய குருதியை நக்குகிறது. அருகே மைதாஸ் என்னும் கிழவன் வாயில் கை வைத்துச் சிந்தித்து அமர்ந்திருக்கிறான். அம்முகம் டிஷியனின் முகமே என்று பலர் கருதுகின்றனர். தடுக்கும் வலிமையும் இல்லை. கண்ணை மூடிக்கொள்ளும் கோழைமையும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறான், ஓவியருக்கு உரிய தொழில் அது.

ஆக்டியன் கதையின் ஒரு பழைய வடிவத்தில் இன்னொரு செய்தி உண்டு. தலைவனைக் கொன்றதை அறியாத நாய்கள், அவனைத் தேடி ஊளையிட்டுக்கொண்டே காடெங்கும் அலைந்தனவாம். கடைசியில் கைரோன் என்னும் குருவின் குகையை அடைய, அவர் ஆக்டியனின் உருவம் ஒன்றைச் செய்து அவற்றின் முன் வைத்து அத்துயரத்தை ஆற்றினாராம். மாண்டவன் மீளவில்லை, தீர்ப்பும் மாறவில்லை. அவன் யார் என்பதை மட்டும் அவ்வுருவம் காட்டிற்று. டிஷியனின் கித்தானும் அதற்கு மேல் எதையும் செய்யவில்லை. ஆனால் நானூறு ஆண்டுகளாக, மான் என்று நினைத்து வேட்டையாடப்பட்டவன் மனிதன் என்பதைக் காண்போர்க்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது. கலை ஆற்றத்தக்க அறப்பணி அதுவே.